சிரிஞ்ச் பம்ப் ஓயாமல் அலறுகிறது, பாதி ஷிஃப்ட் அதிலேயே போகிறது. உதவி தேவை

நைட்_டியூட்டி:
தனியார் மருத்துவமனை ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸ். 8 படுக்கை, சிரிஞ்சில் உள்ள மருந்தைச் சீராக நரம்பில் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் 14. இரண்டு மாதமாக ‘அக்லூஷன்’ (லைனில் அடைப்பு) அலாரம் விடாமல் அடிக்கிறது. லைனில் மடிப்பு இல்லை, த்ரீ-வே வால்வு திறந்துதான் இருக்கிறது, கேனுலா (நரம்பில் செருகிய குழாய்) தடையில்லாமல் ஃப்ளஷ் ஆகிறது. சைலன்ஸ் செய்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவதற்குள் மறுபடி. நேற்று நார்அட்ரினலின் (ரத்த அழுத்தம் விழாமல் காக்கும் மருந்து) ஓடிய பம்பை மாற்ற, வேறு பம்ப் தேடி மூன்று வார்டு அலைந்தேன். எட்டு மணிக்கு முடியவேண்டிய ஷிஃப்ட், கிளம்பும்போது ஒன்பதரை. புது பம்ப் கேட்டு எழுதலாமா?

பயோமெட்_ஆள்:
பொறுங்கள் சிஸ்டர். ஸ்டோரில் சிரிஞ்ச் கம்பெனி மாறியதா?

நைட்_டியூட்டி:
கேட்டேன் சார். மாறியிருக்கிறது, அதே இரண்டு மாதம்! ஆனால் இதுவும் 50 மில்லிதானே?

பயோமெட்_ஆள்:
அதுதான் விஷயம். பம்ப், பிளஞ்சரை (சிரிஞ்சின் தள்ளுதண்டை) எவ்வளவு தூரம் தள்ளியது என்பதை வைத்துத்தான் மில்லி கணக்குப் போடுகிறது. 50 மில்லி சிரிஞ்சின் உள்விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிளஞ்சர் இறுக்கமும் அப்படியே. பம்ப் மெனுவில் பழைய கம்பெனி பெயரே இருந்தால், இறுக்கத்தை அடைப்பு என்று எடுத்துக்கொள்ளும். அலாரமாவது கேட்கிறது, ஓடும் அளவு தப்பினால் சத்தமே வராது. சிரிஞ்ச் மாட்டும்போது சரியான பெயரைத் தேர்வு செய்யுங்கள். பெயரே இல்லையென்றால் உங்கள் பயோமெடிக்கல் (மருத்துவக் கருவி பராமரிப்பு) ஆட்கள் பம்பை அதற்கு கேலிப்ரேட் செய்யும்வரை (அளவு சரிசெய்யும்வரை) அந்த சிரிஞ்ச் வேண்டாம்.

பழைய_சிஸ்டர்:
ஒன்று சேர்க்கிறேன்மா. நிஜமாகவே அடைத்திருந்தால், நோயாளி பக்கம் மூடிவைத்து லைனில் தேங்கிய அழுத்தத்தை வெளியே விட்ட பிறகே திற. இல்லையென்றால் தேங்கிய மருந்து மொத்தமாக உள்ளே போகும். அப்புறம், சும்மா இருக்கும் பம்பையும் சார்ஜில் போட்டு வை. சிடி ஸ்கேனுக்குப் போகும் வழியில் பேட்டரி செத்து நான் பட்ட பாடு போதும்.

பயோமெட்_ஆள்:
பம்ப் பராமரிப்பு காண்ட்ராக்ட் ஏஎம்சியா (ஆண்டுப் பராமரிப்பு) சிஎம்சியா (உதிரிபாகமும் சேர்ந்த முழுப் பராமரிப்பு) என்றும் பாருங்கள். ஏஎம்சியில் பெரும்பாலும் உதிரிபாகம் சேராது. பேட்டரி மாற்றம் இழுத்தடிக்க அதுவே காரணமாக இருக்கும். பம்ப் நம்பர், நேரம், எந்த சிரிஞ்ச், மூன்றையும் குறித்துக் கொடுங்கள். ‘பம்ப் ரிப்பேர்’ என்று மட்டும் எழுதினால் எங்களுக்கு ஒன்றும் புரியாது.

நைட்_டியூட்டி:
மெனுவில் பெயர் இருந்தது, மாற்றினோம். நேற்று இரவு இரண்டு பம்ப் மட்டும்தான் அடித்தன; ‘உபயோகிக்காதே’ ஒட்டி அனுப்பிவிட்டேன். இனி கம்பெனி மாற்றினால் முதலில் ஐசியூவுக்குச் சொல்லச் சொல்லி ஸ்டோருக்கு யார் எழுதுவது என்று இப்போது சண்டை நடக்கிறது.