3-வது பிக் எண்ட் பேரிங் சுழன்றுவிட்டது: பாலிஷ் போதுமா, 0.25 கிரைண்டிங் வேண்டுமா?

கேள்வி (மைல்கல்)
4 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், வார்ப்பிரும்பு கிராங்க் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு). கிராங்க்கைப் பிடிக்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனையான பிக் எண்டில், 3-வது பேரிங் இடம்விட்டுச் சுழன்றுவிட்டது. மேனுவல்படி பிக் எண்ட் ஜர்னல் (பேரிங் அமரும் கிராங்க்கின் உருளைப் பகுதி) 44.985–45.000 மி.மீ., ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஆயில் இடைவெளி 0.020–0.050. 1, 2, 4 மூன்றும் 44.99 காட்டுகின்றன. 3-வது 44.93, அதில் நகம் இடறும் கோடுகள் வேறு. மெயின் ஜர்னல்கள் (கிராங்க் எஞ்சின் பிளாக்கில் அமரும் இடங்கள்) அளவுக்குள் இருக்கின்றன. பாலிஷ் போட்டு ஸ்டாண்டர்டு பேரிங்கே மாட்டலாம் என்கிறார் பட்டறைக்காரர். சரியா? டிரைமெட்டல் (மூன்று உலோக அடுக்கு) பேரிங் வாங்குவதா, அலுமினியமா?

ஆயில்கை
வேண்டாம். பாலிஷ் எடுப்பது 0.005 மி.மீ. சுமார்தான், கோடு போகாது, போன உலோகமும் திரும்பாது. மற்ற மூன்றில் இடைவெளி 0.04 என்றால் 3-வதில் 0.10 வரும். அந்த இடத்தில் எண்ணெய் ஓரம் வழியாக ஒழுகிவிடும், படலம் நிற்காது, மறுபடி தட்ட ஆரம்பிக்கும்.

0.25 அண்டர்சைஸுக்கு (ஜர்னலை 0.25 மி.மீ. குறைத்து, அதற்கேற்ற தடித்த பேரிங் போடுவது) அரையுங்கள்: 44.735–44.750. பேரிங் செட்டாகத்தான் கிடைக்கும் என்பதால் நான்கு பிக் எண்டையும் அரைப்பது வழக்கம். மெயினைத் தொட வேண்டியதில்லை. அரைக்கும் முன் மேக்னாஃப்ளக்ஸில் (காந்தத் துகள் சோதனை) விரிசல் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு பார்த்தால் அரைத்த கூலி வீண். சில கிராங்குகளில் ஜர்னலின் ஓர மூலை உருட்டி இறுக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் நைட்ரைடிங் (நைட்ரஜனால் கடினமாக்கிய) மேல்தோல் இருக்கும். அவற்றை அரைக்கக் கூடாது என்று மேனுவலே சொல்லியிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

மைக்ரான்
எல்லோரும் கிராங்க்கையே பேசுகிறோம், ராடை யாரும் கேட்கவில்லை. பேரிங் சுழன்றால் ராடின் வட்டமும் கெட்டிருக்கும். நல்ல பேரிங் நிற்பது அதன் விளிம்பிலுள்ள சின்ன முனைப்பால் அல்ல. ஒவ்வொரு ஷெல்லும் (பேரிங்கின் ஒரு பாதி) அரைவட்டத்தைவிட மயிரிழை உயரமாக இருக்கும். ராடின் மூடியை இறுக்கும்போது இரண்டு ஷெல்லும் ஒன்றையொன்று நெருக்கி ராடோடு ஒட்டிக்கொள்ளும். ராட் துளை பெரிதாகிவிட்டால் அந்த நெருக்கம் போய்விடும். மூடியையோ ஷெல் விளிம்பையோ அரம் போட்டு "டைட்" பண்ணுபவரிடம் ராடைக் கொடுக்காதீர்கள்.

சரியான வழி ரீசைஸ்: மூடியின் சேரும் முகத்தை மயிரிழை அளவு அரைத்து, போல்ட்டை முழு டார்க்கில் (மேனுவல் சொல்லும் இறுக்கத்தில்) பூட்டி, துளையைப் பழைய அளவுக்கு ஹோன் செய்வது (தேய்கல்லால் நுணுக்கமாகத் தேய்ப்பது). புது போல்ட் போடுவதானால் ஹோனிங்குக்கு முன்பே போட வேண்டும், பின்னால் மாற்றினால் துளையின் வட்டம் மாறிவிடும்.

மைல்கல்
3-வது ராடின் துளை ஓரம் நீலம் பூத்திருக்கிறது. அதையும் ரீசைஸ் செய்யலாமா?

மைக்ரான்
நீலமா, தூக்கிப் போடுங்கள். அந்தச் சூட்டில் எஃகின் பதம் போயிருக்கும். மாற்று ராட் கிடைத்தால் இரு முனை எடையையும் மற்றவற்றோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள், துளையையும் அளந்து பாருங்கள்.

ஷிம்
பேரிங் வகைக்கு வருகிறேன். கிராங்க் வார்ப்பிரும்பு என்பதால் சிலிக்கான் கலந்த அலுமினியம் பொருத்தம். இந்த இரும்பை அரைக்கும்போது கிராஃபைட் உருண்டைகளைச் சுற்றி நுண்பிசிறு எழும், சிலிக்கான் துகள் அதைத் தேய்த்து மழுப்பும். டிரைமெட்டலின் மேல்பூச்சு மென்மையானது, தூசித் துகளைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும். ஆனால் பிசிறுள்ள ஜர்னல் அதைச் சுரண்டிவிடும். எதை வாங்கினாலும் கடைசிப் பாலிஷ் கிராங்க் சுழலும் திசையில் இருக்க வேண்டும். எண்ணெய்த் துளை விளிம்பை மழுக்கி, ஓர மூலையின் வளைவை முன்பிருந்த ரேடியஸிலேயே விடச் சொல்லுங்கள். வளைவு பெரிதானால் ஷெல் ஓரம் அதில் ஏறி உட்காரும்.

ஆயில்கை சொன்ன அளவில் ஒரு திருத்தம். 44.735–44.750 என்பது இலக்கு மட்டுமே. பேரிங்கை முதலில் வாங்கி, ராடில் பூட்டி, டார்க் கொடுத்து, மூடி சேரும் கோட்டுக்குச் செங்குத்தாக போர் கேஜால் (துளை அளக்கும் கருவி) உள்விட்டம் எடுங்கள். 44.786 வந்தால், ஜர்னலை 44.746-க்கு அரைத்தால் 0.040. பட்டறைக்குக் கிராங்க்கோடு ராடும் பேரிங்கும் சேர்ந்தே போகட்டும். சேரும் கோட்டருகே அளக்காதீர்கள், ஷெல் அங்கே வேண்டுமென்றே மெலிந்திருக்கும்.

ஆயில்கை
திருத்தம் ஏற்கிறேன். கடைசிச் சரிபார்ப்புக்கு பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளி காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) போதும், ஜர்னல் காய்ந்திருக்க வேண்டும், கிராங்க்கைத் திருப்பக் கூடாது.

இன்னொன்று: கிராங்க்கின் எண்ணெய்க் குழிகளில் உள்ள பிளக்குகளைக் கழற்றி, பிரஷ் விட்டுக் கழுவுங்கள். சுழன்ற பேரிங்கின் தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஆயில் கூலர் இருந்தால் மாற்றிவிடுங்கள், அதைக் கழுவி முழுசாகச் சுத்தம் செய்ய முடியாது. ஆயில் பம்பைப் பிரித்து ரிலீஃப் வால்வ் (அதிக எண்ணெய் அழுத்தத்தை வெளியேற்றுவது) சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பேரிங் முதலில் ஏன் சுழன்றது என்பதற்கான விடை பல நேரம் அந்த வால்விலோ, சம்ப் (எஞ்சினடி எண்ணெய்த் தொட்டி) சல்லடையிலோ இருக்கும்.