நீடாமங்கலம் கேட்டில் கொதித்த வண்டி
(கார் கொதித்த கதையை மூன்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்)

மன்னார்குடி:
என்னிடம் இருப்பது 2001 மாடல், 1.3 லிட்டர் பெட்ரோல் கார். போன சித்திரையில் திடீரென்று ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் சுற்றும் வேகம், ஏறிவிட்டது. வழக்கமாக நிமிடத்துக்கு 850 சுற்றில் நிற்கிற முள் 1,800-ஐ விட்டு இறங்கவே இல்லை. பக்கத்து மெக்கானிக், என்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியைக் கழுவி, ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகிக் குறைத்துக் கொடுத்தார். சரி, தீர்ந்தது என்று தஞ்சாவூருக்குக் கிளம்பினால், நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அந்தக் கேட்டைத் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம்; சாத்தினால் லேசில் திறக்காது. நடுவில் நின்ற டெம்பரேச்சர் முள் ஒரே தாவலில் சிவப்புக்குப் போனது. பானட்டிலிருந்து ஆவி. ஃபேன் மட்டும் ஓடவே இல்லை.

இரண்டாவது மெக்கானிக், "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் தடுக்கும் வால்வு) கழற்றிப் போட்டார். தவறு. ஓடும்போது என்ஜின் சூடாகவே இல்லை, பெட்ரோல் குடித்தது, ஐடிலிங் மறுபடி ஏறியது. நின்றால் பழையபடி கொதித்தது.

கண்டுபிடித்தவர் என் சித்தப்பா. விவசாயி, கார் ஓட்டத் தெரியாது. காலையில் என்ஜின் ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு சாண் காலி. பக்கத்து பாட்டிலோ நிரம்பி வழிந்தது. இரண்டையும் இணைக்கிற சின்ன ரப்பர் குழாயை மடக்கிப் பார்த்தார். வெடிப்பு. "சக்‌ஷன் பைப்புல ஓட்டை இருந்தா மோட்டார் தண்ணியையா எடுக்கும்? காத்தைத்தான் எடுக்கும்."

அதேதான். சூட்டில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) விரிந்து பாட்டிலுக்குப் போகும். ஆறும்போது ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்ச வேண்டும். வெடிப்பு வழியாக அது காற்றை உறிஞ்சியது. என் வண்டியில், என்ஜின் குளிராக இருக்கும்போது ஐடிலிங்கை ஏற்றிவைக்க ஒரு மெழுகு வால்வு உண்டு. சூடான கூலன்ட் அதைச் சுற்றி ஓடினால்தான் மூடும். காற்று அடைத்ததால் வால்வு திறந்தே கிடந்தது. ஃபேன் சுவிட்சும் காற்றில் தொங்கியதால் சூடு தெரியவில்லை. இரண்டு வியாதி என்று நான் அலைந்தது ஒரே வியாதி.

குழாய் 40 ரூபாய். தெர்மோஸ்டாட் புதிதாகப் போட்டேன். காற்றை எடுக்க வண்டியின் மூக்கு மேலே இருக்க வேண்டும். டெல்டாவில் மேடு ஏது? பாமணியாற்றங்கரைக்கு ஏறும் சரிவில் நிறுத்தினேன். மூடியைத் திறந்துவைத்து, பாதி கூலன்ட் பாதி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, நம் ஊரில் யாரும் தொடாத ஹீட்டரை முழுக்கத் திருப்பிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். குமிழி நிற்க அரை மணி நேரம் ஆனது. ஃபேன் தானாகச் சுழன்றபோது ஐடிலிங்கும் இறங்கியது; இறங்கி, வண்டி அணைந்தே போனது! முதல் மெக்கானிக் திருகிய ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் 850-ல் நின்றது.

திருத்துறைப்பூண்டி:
எனக்குக் கொதிப்பு மட்டும்தான், ஐடிலிங் சரியாகவே இருந்தது. தை மாதம், சம்பா அறுவடை. ரோட்டில் காய்கிற நெல், அறுவடை மெஷின் தூசி எல்லாவற்றையும் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போவேன். ஏசி கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசியின் பாகம்) ரேடியேட்டருக்கும் நடுவில் வைக்கோல் தூள் மெத்தை மாதிரி படிந்திருந்தது; முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. என்ஜின் பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவினேன். வேகமாக அடித்தால் ஃபின், அதாவது அதன் மெல்லிய தகடுகள், மடங்கிவிடும்.

வேதாரண்யம்:
எங்கள் பக்கம் போர் தண்ணீரே உப்பு. அதையே வருடக்கணக்கில் ஊற்றிய பாவம் என்னுடையது. ரேடியேட்டர் உள்ளே துருவும் உப்புக்காரையும். குழாயை மாற்றினேன், காற்றும் எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ரேடியேட்டரையே மாற்ற வேண்டியதாயிற்று. ஐடிலிங் மட்டும் இன்னும் 1,200.

மன்னார்குடி:
கூலன்ட் குறையவில்லை என்றால் வேக்கம் ஹோஸ்களை (என்ஜினின் உறிஞ்சும் பக்கத்தோடு சேர்ந்த சின்ன ரப்பர் குழாய்கள்) பாருங்கள். ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். எதை அழுத்தும்போது ஐடிலிங் இறங்குகிறதோ, அதில்தான் காற்று நுழைகிறது. ஃபேன் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.