காய்ச்சலோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகள்: உங்கள் அனுபவம் என்ன?

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஈரோடு மாவட்டம்:

2009 ஆகஸ்ட். அந்த வருடம் ஜூன் 11 அன்றே உலக சுகாதார நிறுவனம் பன்றிக் காய்ச்சலைப் பெருந்தொற்று என்று அறிவித்திருந்தது. எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு அது வெறும் பேப்பர் செய்தி. புனேயில் 14 வயது மாணவி ஒருத்தி இறந்த செய்தி வந்த பிறகுதான் ஊரில் பயம் வந்தது.

ஒருநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சுவரில் சாய்ந்து நின்றான். தொட்டால் கொதிக்கிறது. "உடம்பு இப்படிச் சுடுது, ஏன்டா வந்தே?" என்று கேட்டேன். "ஒருநாள் லீவு போட்டாக்கூட டம்ளர் கிடைக்காதுங்க சார்" என்றான்.

அந்த டம்ளர் என் ஏற்பாடுதான். வருடம் முழுக்க லீவே எடுக்காதவர்களுக்கு ஆண்டு விழாவில் பெயர் பொறித்த எவர்சில்வர் டம்ளர். வருகையைக் கூட்டியதற்காக என்னை மேடையில் பாராட்டியும் இருக்கிறார்கள்.

அவனை வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் பதிவேட்டில் இருந்த அப்பா நம்பரை வேறு யாரோ எடுத்தார்கள். அம்மாவுக்கு மில்லில் பகல் ஷிப்ட். தனியாகப் படுக்க வைக்க அறை கிடையாது. நூலக அறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டுப் படுக்க வைத்தோம், நாலு மணி வரை. அடுத்த வாரம் அந்த வகுப்பில் 34 பேரில் 11 பேர் வரவில்லை. யாருக்கும் பரிசோதனை செய்யவில்லை, அதனால் அது பன்றிக் காய்ச்சல்தானா என்று சொல்லமாட்டேன். எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள், அது போதும்.

அந்த வருடமே டம்ளரை நிறுத்தினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு போன் நம்பர், அதில் ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையது. மாதம் ஒருமுறை ஒரு மிஸ்டு கால் கொடுத்துச் சரிபார்ப்பது ஏழாம் வகுப்பு ஆசிரியரின் வேலை. பெருந்தொற்றுக்கு நாங்கள் செய்த முதல் தயாரிப்பு இதுதான். நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

கிராம சுகாதார செவிலியர்:

சார், டம்ளருக்கு வந்த பிள்ளை ஒன்று என்றால் மாத்திரை போட்டு வந்த பிள்ளைகள் பத்து. காலை ஏழு மணிக்குப் பாராசிட்டமால் கொடுத்து, காய்ச்சல் இறங்கியதும் சீருடை மாட்டி அனுப்பிவிடுவார்கள். பதினொரு மணிக்கு மறுபடி ஏறும். அதற்குள் பெஞ்சில் நாலு பேருக்கு நோயைக் கொடுத்தாகிவிட்டது. அம்மாக்களைத் திட்டிப் பயனில்லை. ஒருநாள் கூலி போகும் என்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

பெற்றோர் கூட்டத்தில் நான் சொல்வது மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு ஒருநாள் முழுதாகப் போகட்டும், அப்புறம் அனுப்புங்கள் என்பதுதான். ப்ளூ (பன்றிக் காய்ச்சலும் அதில் ஒரு வகை) கிருமி அறிகுறி தெரிவதற்கு ஒருநாள் முன்பே பரவத் தொடங்கிவிடும், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் கூடுதல் நாள் தங்கும். வீட்டில் கிடக்கிற ஆஸ்பிரினை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ப்ளூ நேரத்தில் அது பிள்ளைகளின் மூளையையும் ஈரலையும் பாதிக்கக்கூடும்.

2009இல் மத்திய அரசு நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்தது. சாதாரணக் காய்ச்சல், இருமல் என்றால் வீட்டிலேயே ஓய்வு, பரிசோதனையும் வேண்டாம். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாரித்தால் உடனே ஆஸ்பத்திரி. இந்தக் கடைசி வரியை மட்டும் பெரிதாக எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டச் சொன்னேன். முழு வழிகாட்டுதலையும் அச்செடுத்து ஒட்டிய பள்ளியில் யாரும் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை.

சிங்கப்பூரில் வசிக்கும் தாய்:

எங்கள் பழக்கம் 2003இல் பரவிய சார்ஸ் என்ற மூச்சு நோயிலிருந்து வந்தது. அது ப்ளூ இல்லை, வேறு கிருமி, ஆனால் பாடம் அதில்தான் படித்தோம். மார்ச் கடைசியில் பள்ளிகளை மூடினார்கள். திறந்த பிறகு ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தெர்மாமீட்டர் வந்தது, வாயில் வைக்கிற மாதிரி. என் மூத்தவன் அப்போது தொடக்கநிலை மூன்று. முதல் வாரம் அதைக் கடித்தே உடைத்தான்!

வகுப்பே ஒன்றாக வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பீப் சத்தம் வந்ததும் அவரவர் எண்ணைத் தாளில் எழுதுவார்கள். அன்றைக்கு அந்த ஐந்து நிமிடம்தான் தனக்கு நிம்மதி என்று ஆசிரியை சிரிப்பார். 2009 ஏப்ரல் 30 அன்று அரசு எச்சரிக்கை நிலையை ஆரஞ்சுக்கு உயர்த்தியபோது யாரும் பதறவில்லை. பிள்ளைகளே பையில் தெர்மாமீட்டரைத் தேடி எடுத்தார்கள்.

இதற்கு வசதி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நோய் இல்லாத காலத்திலும் பயிற்சியாகச் செய்து பார்த்தார்களே, அதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

புதுச்சேரிக்காரர், இரண்டு பிள்ளைகளின் அப்பா:

எங்கள் ஊரில் காய்ச்சலுக்காகப் பள்ளிகளை மூடிய அனுபவம் இரண்டு முறை உண்டு. 2022 செப்டம்பரில் ஒருமுறை, 2023 மார்ச் 16 முதல் 26 வரை இன்னொரு முறை. இரண்டும் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை.

முடிவு சரியா தவறா என்று வாதாட வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கு லீவு, டியூஷனுக்கு லீவு இல்லை. ஒரு சின்ன ஹாலில் இருபது பிள்ளைகள், ஜன்னல் சாத்தி ஏசி. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், அதனால் சின்னவளை என் மாமியார் வீட்டில் விட்டோம். அவருக்குச் சர்க்கரை, வயது எழுபத்தொன்று. மூன்றாம் நாள் சின்னவளுக்கு இருமல், ஐந்தாம் நாள் மாமியாருக்குக் காய்ச்சல். பத்து நாள் படுத்து எழுந்தார். மூடினால் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று ஜூன் மாதமே ஒரு தாள் கொடுத்துக் கேட்டிருந்தால் நாங்களும் அன்றைக்கே யோசித்திருப்போம்.

வரலாற்று ஆசிரியை:

புதுச்சேரி நண்பர் சொன்னது நூறு வருடப் பழைய கேள்வி. 1918 ப்ளூவின்போது அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரம் சீக்கிரமே பள்ளிகளை மூடியது. நியூயார்க்கும் சிகாகோவும் மூடவே இல்லை. நெருக்கடியான குடியிருப்புகளில் அடைந்து கிடப்பதைவிட, தினமும் செவிலியர் கண்ணில் படுகிற பள்ளியே மேல் என்பது நியூயார்க் சொன்ன காரணம். எந்த ஊருக்கு எது என்பது அந்த ஊர் வீடுகளைப் பார்த்தால்தான் தெரியும்.

சத்துணவு அமைப்பாளர்:

மூடுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் சோற்றையும் சேர்த்துப் பேசுங்கள். 2020இல் பள்ளி மூடியபோது அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தோம். கொடுக்க ஆரம்பிக்கும் வரை சில பிள்ளைகள் தினமும் கேட் வரை வந்து பார்த்துவிட்டுப் போனது கண்ணிலேயே நிற்கிறது.

திறந்திருக்கும்போது கை கழுவுவது வேறு கதை. எங்களிடம் 180 பிள்ளைகள், மூன்று குழாய். சோப்புப் போட்டு ஒழுங்காகக் கழுவ ஆளுக்கு அரை நிமிடம் என்றாலும் மொத்தம் முப்பது நிமிடம். சாப்பாட்டு நேரமே நாற்பது நிமிடம்தான். அதனால் எல்லாருக்கும் ஒரே மணி அடிப்பதை விட்டு, ஒன்றாம் வகுப்பை அரைமணி முன்பே அனுப்பினோம். வாத்தியார்கள் முதலில் முணுமுணுத்தார்கள். தட்டு ஏந்தித் தள்ளுமுள்ளு குறைந்ததும் அடங்கிவிட்டார்கள்.

வேன் ஓட்டுநர்:

பதினாலு சீட்டு வண்டியில் இருபத்திரண்டு பேர். யாராவது பிள்ளை இருமினால் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்காரவைத்து, எல்லா ஜன்னலையும் திறந்துவிடுவேன். எனக்கு யார் தடுப்பூசி போடுவது என்று எந்தப் பள்ளியும் கேட்டதில்லை.

தலைமையாசிரியர் (மறுபடி நான்தான்):

ஓட்டுநர் தம்பி கேட்டது நியாயம். ஆயாம்மா, சமையலர், காவலாளி யாருமே எங்கள் பட்டியலில் இல்லை. ஆனால் புதுக் கிருமி வந்தால் அதற்கான ஊசி தயாராகக் கிட்டத்தட்ட ஆறு மாதம் ஆகும். அதுவரை கைவசம் இருப்பது ஓய்வும் காற்றும் சோப்பும்தான்.

சோப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பள்ளியில் சோப்பு என் அறை பீரோவில் பூட்டிக் கிடந்தது, வெளியே வைத்தால் காணாமல் போகிறது என்று. பிள்ளைகள்தான் எடுக்கிறார்கள் என்று இரண்டு வருடம் சந்தேகப்பட்டேன். பிறகு ஒருநாள் மதியம், புத்தம் புதுசை ஒரு காக்கா கவ்விக்கொண்டு போய் வேப்பமரத்தில் உட்கார்ந்ததை நானே பார்த்தேன். அன்றிலிருந்து பழைய சாக்ஸில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டோம். இதைவிட நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள், சாக்ஸ் மழைக்காலத்தில் நாறுகிறது.