மாடியில் ரசாயனம் இல்லாத காய்கறி: போடும் காசுக்குத் தகுமா?

தாம்பரம்வாசி:
வளர்ப்புப் பை, தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், நிழல்வலை என்று கொட்டும் காசுக்குக் கடையிலேயே பல மாதக் காய் வாங்கிவிடலாம். கத்தரியில் காய்த்துளைப்பான் புழு உள்ளே போய்விட்டால் வேப்பெண்ணெய் அதை ஒன்றும் செய்யாது. சித்திரை வெயிலில் இரண்டு வேளை தண்ணீர் வேறு. இது வீண் வேலை என்பதுதான் என் கருத்து.

கீரைப்பாத்தி:
அண்ணா, கறிவேப்பிலையை விட்டுவிட்டீர்களே. 2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாகக் கேரளம் பிரச்சினை கிளப்பியபோது அடிபட்ட பெயர்களில் அதுவும் ஒன்று. தினமும் தாளிக்கிற பொருள். பெரிய தொட்டியில் ஒரு செடி வைத்தால் பல வருடம் பறிக்கலாம்.

தாம்பரம்வாசி:
கறிவேப்பிலைக்குச் சரி. ஆனால் ஒரு தொட்டி வைப்பது தோட்டம் ஆகாது. நான் கேட்பது தக்காளி, கத்தரி, வெண்டை. இயற்கை என்றாலே சுத்தம் என்றும் நினைக்காதீர்கள். மட்காத சாணத்தைக் கீரைக்குப் போட்டால் கிருமிதான் வரும். விவசாயிகளிலும் மருந்து அடித்தபின் அதன் எச்சம் குறையும்வரை காத்திருப்புக் காலம் விட்டுப் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கீரைப்பாத்தி:
வெண்டைக்கு எப்படிக் காத்திருப்பது? ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். மருந்து அடித்துவிட்டு ஒரு வாரம் விட்டால் அந்த வாரத்துக் காய் எல்லாம் நஷ்டம். விவசாயியைக் குறை சொல்லவில்லை, பயிரின் குணம் அப்படி. அதனாலேயே வீட்டில் போட வேண்டிய முதல் காய் வெண்டை என்பேன். ஆடியில் விதைத்தால் 45 நாளில் காய்க்கத் தொடங்கும். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டித் தெளியுங்கள். இலை நரம்பு மஞ்சளானால் அந்தச் செடியை அன்றே பிடுங்கிவிடுங்கள். வெள்ளை ஈ அந்த நோயை மற்ற செடிகளுக்கும் கொண்டுபோகும்.

கோவைக்காரி:
செலவு ஏறுவது உரத்தை விலைக்கு வாங்குவதால். சமையல் கழிவோடு காய்ந்த இலையைக் கலந்து மட்கவைத்தால் மூன்று மாதத்தில் உரம் தயார். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பக்கம் நானும் போவதில்லை. அடைக்கும் இடத்துக்கும் பூச்சித் தொல்லைக்கும் அவை கட்டாது.

தாம்பரம்வாசி:
வெண்டை பற்றிச் சொன்னது நியாயம், ஏற்கிறேன். தக்காளிக்கு இன்னும் ஒப்பவில்லை. எங்கள் போர் தண்ணீரோ உப்பு. அதற்கு என்ன வழி?

கோவைக்காரி:
பீன்ஸ் வேண்டாம், உப்பில் நிற்காது. பாலக்கீரை ஓரளவு தாங்கும். நார்க்கழிவிலேயே உப்பு இருக்கும், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பையில் நிரப்புங்கள். அடியில் துளை அடைக்காமல் பார்த்துக்கொண்டால் ஐப்பசி மழை மீதி உப்பைக் கழுவிவிடும்.