வெளியவே போகாத பொட்டப் பூனைக்கு கருத்தடை ஆபரேஷன் வேணுமா? உங்க வீட்ல நடந்தத சொல்லுங்க

மூணாவது மாடி:
எங்க சின்னுவுக்கு 7 மாசம். பிளாட்ட விட்டு வெளிய கால் வெச்சதே இல்ல. போன வாரம் ரெண்டாவது தடவ ஹீட்டுக்கு (கடுவனத் தேடுற பருவம்) வந்துச்சு. முதல் தடவ வயித்துவலின்னு நெனச்சு ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டு ஓடினேன், அந்தக் கத்தலும் தரையில உருள்றதும் பாத்தவங்களுக்குத் தெரியும். இந்தத் தடவ நாலாம் நாள் ராத்திரி ஏதோ கரகரன்னு சத்தம் கேக்குதேன்னு போய்ப் பாத்தா பால்கனி வலைய கடிச்சுக்கிட்டு இருக்கா. புறாவுக்குப் போட்ட பச்ச நைலான் வலை. ஈறுல ரத்தம். வலையில ஒரு முடிச்சு அறுந்து ரெண்டு விரல் போற ஓட்ட. கீழ பார்க்கிங்ல ஒரு வெள்ளக் கடுவன் உக்காந்து மேலயே பாத்துட்டு இருக்கு.

ஓட்டய சணல் போட்டுக் கட்டிட்டேன். ஆனா இப்பவும் நடுராத்திரி எந்திரிச்சுப் போய் அந்த எடத்துல விரல விட்டுப் பாத்துட்டு வந்துதான் படுக்கறேன். அத்த என்னடான்னா, ஒரு தடவயாவது குட்டி போடட்டும்மா, பாவம்டி வாயில்லா ஜீவன்ங்கறாங்க. எனக்கோ ஆபரேஷன்னு நெனச்சாலே கை நடுங்குது. உங்க வீட்ல என்ன நடந்துச்சு சொல்லுங்க.

மதுரக்காரன்:
சிஸ்டர், நாங்களும் அப்புறம் பாக்கலாம் அப்புறம் பாக்கலாம்னே 6 வருசம் ஓட்டிட்டோம். எங்க மல்லி கடுவன் மூஞ்சியவே பாத்தது கெடையாது, அப்புறம் எதுக்கு அத அறுக்கணும்னு எங்கப்பா சொன்னாரு, எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. ஒருநாள் சாப்பாட்டத் தொடல. தண்ணி மட்டும் கிண்ணம் கிண்ணமா குடிக்குது. கட்டில்ல இருந்து எறங்கிப் போச்சு, அது படுத்திருந்த எடத்துல வெள்ள பெட்ஷீட்டுல ஒரு ரூபா காசு அளவுக்கு பழுப்பா கறை. மோந்து பாத்தேன். அந்த வாடை இன்னும் எனக்கு மூக்குல இருக்கு.

ஸ்கேன்ல கர்ப்பப்பை பூரா சீழ். பையோமெட்ரான்னாங்க. அன்னிக்கே ஆபரேஷன். முடிச்சிட்டு டாக்டர் ட்ரேயில வெச்சுக் காமிச்சாரு, கர்ப்பப்பையோட ரெண்டு கெளையும் (கொம்புன்னாங்க) என் பெருவிரல் தடிமன்ல முடிச்சு முடிச்சா வீங்கிக் கெடக்கு. மூணு கிலோ பூனைக்குள்ள அவ்ளோ பெருசு. நாலு நாள் டிரிப் ஏத்திப் பொழச்சிருச்சு. ஆனா அதுக்குப் பத்து நாள் முன்னாடில இருந்தே அது பின்பக்கத்த நக்கிக்கிட்டே இருந்ததப் பாத்தேன், சுத்தமா வெச்சுக்குதுன்னு வீட்ல பெருமையாச் சொன்னேன். வர்ற சீழ அது நக்கி நக்கி எடுத்துட்டதாலதான் எங்க கண்ணுல படல. அதத்தான் மறக்க முடியல.

கோவை பாரதி:
மதுரை அண்ணா சொல்றது உண்ம, நான் மறுக்கல. ஆனா ஆபரேஷன்னா ஒண்ணுமில்ல, காலைல விட்டா சாயந்திரம் வந்துடும்னு எல்லாரும் சொல்றாங்களே, அத என்னால ஒத்துக்க முடியாது. என் முதல் பூனை திரும்பி வரல. 5 மாசம்தான். முந்தின நாள் 8 மணியில இருந்து எதுவும் குடுக்காதீங்கன்னாங்க, காலைல 11 மணிக்குத்தான் எடுத்தாங்க, அவ்ளோ நேரம் வெறும் வயிறு. சாயந்திரம் நான் போனப்ப எஃகு மேசமேல துண்டு கூட இல்லாம படுத்திருந்தா, மேல ஃபேன் ஓடுது. காதத் தொட்டேன், ஐஸ் மாதிரி இருந்துச்சு. மயக்கம் தெளியும் தெளியும்னாங்க. எந்த எடம்னு சொல்ல மாட்டேன், எதனால போச்சுன்னும் எனக்கு யாரும் சொல்லல. நான் ஒரு துண்டு கொண்டு போயிருந்தா என்னன்னு இன்னிக்கும் தோணும்.

அப்புறம் வந்தவளுக்கும் பண்ணினேன், பண்ணாம விடல. ஆனா அதுக்கு முன்னாடி மூணு எடத்துல போய், ரத்த டெஸ்ட் எடுப்பீங்களா, மயக்கத்துல இருக்கும்போது பக்கத்துல யார் இருப்பாங்க, சூடு எப்படிக் குடுப்பீங்கன்னு கேட்டேன். ரெண்டு எடத்துல எரிஞ்சு விழுந்தாங்க. பதில் சொன்ன எடத்துல விட்டேன். துண்டு, வெந்நீர் பாட்டில் எல்லாம் நானே கொண்டு போனேன். அதனால சின்னு அம்மா பயப்படறது தப்பே இல்ல.

நாலு பூன வீடு:
என் கத சின்னது. வருசக்கணக்கா தெருப் பூனைகளப் பிடிச்சு ஆபரேஷனுக்குக் கொண்டு போறேன், மயக்கத்துலயே காது நுனிய வெட்டி விட்டுடுவாங்க, எது பண்ணினதுன்னு அப்புறம் தெரியும். ஒருநாள் பிடிச்ச பூன வத்தலா இருந்துச்சு, குட்டின்னே நெனச்சோம், தொறந்தா உள்ள மூணு குட்டி. அன்னிக்கு ராத்திரி சாப்பிடல நான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஒரு தடவ குட்டி போட்டா ஒடம்புக்கு நல்லதுங்கறதுக்கு எந்த ஆதாரமும் இல்ல, அத்தைகிட்ட பக்குவமாச் சொல்லுங்க. நம்ம ஊர் வெயில் வெளிச்சத்துக்கு பூனை வருசம் பூராவும் ஹீட்டுக்கு வரும். சேரலன்னா ரெண்டு மூணு வாரத்துல மறுபடியும் வரும், சேந்துச்சுன்னா 9 வாரத்துல குட்டி. பொதுவா பூனைக்கு கடுவன் சேந்தாத்தான் கருமுட்ட வெளிய வரும், ஆனா சிலதுக்கு சேராமயே வந்துடும், அப்புறம் ஹார்மோன் ஏறி கர்ப்பப்பை தடிச்சுப் போகும். அதனாலதான் மதுரை ப்ரோவோட மல்லி மாதிரி வீட்டுப் பூனைக்கும் சீழ் வைக்குது.

அடுத்து மார்க்கட்டி. பூனைக்கு வர்ற மார்க்கட்டி பெரும்பாலும் கேன்சர்தான். 2005ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, 6 மாசத்துக்குள்ள பண்ணினா அந்த ஆபத்து 91 சதவீதம் கொறையுது, 1 வயசுக்குள்ளன்னா 86, ரெண்டு வயசத் தாண்டிட்டா பெருசா பலன் இல்லன்னு பாத்திருக்காங்க. சின்னுவுக்கு இன்னும் நேரம் இருக்கு.

ஹீட்ல இருக்கும்போதும் பண்ணலாம், ஆனா ரத்தக் குழாய் பருத்திருக்கும், அதனால சில டாக்டர் முடிஞ்சப்புறம் வரச் சொல்வாங்க. கத்தல நிறுத்த ஹார்மோன் ஊசி, மாத்திரன்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு வேணாம். மார் வீங்கும், சுகர் வரும், அதே சீழும் வரும். முடிஞ்சப்புறம் வலிக்குதேன்னு நம்ம பாராசிட்டமால் மாத்திரைய ஒடைச்சுக் குடுத்துடாதீங்க, பூனைக்கு அது விஷம், பாதி மாத்திரையே உயிர எடுத்துடும். தையல நக்காம கழுத்துல கூம்பு போடணும், 10ல இருந்து 14 நாள். அப்புறம் பசி கூடும், ஆனா ஒடம்புக்குத் தேவ கொறையும், கிண்ணத்த ரொப்பி வெக்காம அளந்து போடுங்க.

பாரதி அக்காவுக்கு ஒண்ணு, உங்க குட்டிக்கு நடந்தது கொடும. ஆனா இதப் படிச்சிட்டு நாலு பேரு ஆபரேஷனே வேணாம்னு விட்டுட்டா?

கோவை பாரதி:
தம்பி, வேணாம்னு நான் எங்க சொன்னேன்? ரெண்டாவதுக்கு பண்ணினேன்னு எழுதிருக்கேன், முழுசாப் படிங்க. குட்டிகள ராத்திரி பூரா பட்டினி போட்டா சுகர் எறங்கிடும்னு எனக்குச் சொல்லவே ஆள் இல்லாமப் போச்சே, அத இன்னொருத்தர் தெரிஞ்சுக்கட்டும்னுதான் எழுதினேன்.

சிங்கை சுப்பு:
வலை விஷயம் படிச்சுப் பதறிட்டேன். நாங்க சிங்கப்பூர்ல ஹெச்டிபி (அரசு கட்டின அடுக்குமாடி) வீட்ல இருக்கோம், இங்க 2024 செப்டம்பர்ல இருந்துதான் பூன வளக்கவே அனுமதி, வீட்டுக்கு ரெண்டு, லைசன்ஸ் எடுக்கணும். ஜன்னல், கேட் எல்லாம் கம்பிவல போட்டுத்தான் வெச்சிருக்கோம். எங்க பாப்பு 9வது மாடி. ஹீட்ல ஒருநாள் நான் துணி காயப்போட ஜன்னலத் தொறந்த அந்த ரெண்டு நிமிசத்துல வெளி விளிம்புல போய் நிக்கறா. வால் மட்டும் உள்ள. பேர் சொல்லிக் கூப்பிடக்கூட பயம், திரும்பினா விழுந்துடுவாளோன்னு. பின்னாடி தோல் மடிப்ப இறுக்கிப் பிடிச்சு இழுத்தேன், கையெல்லாம் கீறிட்டா. மறுவாரமே ஆபரேஷன் பண்ணியாச்சு. நைலான் வேணாம்மா, கம்பிவல போடுங்க.

மூணாவது மாடி:
எல்லாருக்கும் நன்றி, லேட்டா வர்றேன். வேற எதுக்கோ போன எடத்துல ஒரு டாக்டர்கிட்ட பாரதி அக்கா கேட்ட அதே கேள்விய கேட்டேன், அவங்களே கூட்டிட்டுப் போய் சூடு படுக்கைய காமிச்சாங்க. நேத்து காலைல பண்ணியாச்சு. விலாவுல வெட்டு ஒரு இஞ்சுக்கு மேல இருக்காது, சுத்தி முடி வழிச்சிருக்காங்க, ரோஸ் கலர்ல தெரியுது. அத்த கூடவே வந்தாங்க, வழி பூரா கூடைய மடியில வெச்சிருந்தது அவங்கதான். சாயந்திரம் கையில குடுத்ததும் முதல்ல காதத்தான் தொட்டேன் அக்கா. சூடா இருந்துச்சு.

வலைய நாளைக்கு மாத்தறாங்க. ஒண்ணு கேக்கணும், ராத்திரி ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டா, ஆனா நேத்து வந்ததுல இருந்து மண்ணு டப்பாவுல ஒன்னுக்கே போகல, கூம்பு இடிக்குதுன்னு உள்ள எறங்க மாட்டேங்கறா. டாக்டருக்குப் போன் போட்டுட்டேன், எடுக்கல. உங்க வீட்ல யாருக்காவது இப்படி ஆச்சா?