மல்டிசைட்டுக்கு மாறினோம், பிளகின் படுத்துவிட்டது: உங்களுக்கும் நடந்ததா?

சுங்கை சிப்புட்டிலிருந்து:

மலேசியாவில் எங்கள் வட்டாரத்தின் மூன்று தோட்டங்களுக்குத் தனித்தனி வேர்ட்பிரஸ் (இணையதளம் நடத்தும் மென்பொருள்) தளம் வைத்திருந்தோம். செம்பனைக்காட்டை விட்டு வெளியூர் போனவர்கள் கோயில் திருவிழாத் தேதியையும் துக்கச் செய்தியையும் அதில்தான் பார்ப்பார்கள். மூன்றையும் தனித்தனியாக அப்டேட் செய்து மாளவில்லை என்று போன வருடம் ஒரே மல்டிசைட்டாக, அதாவது ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்கள் ஒரு நெட்வொர்க்காக இயங்கும்படி, மாற்றினேன். நாட்காட்டிப் பிளகினை (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) நெட்வொர்க் முழுவதுக்கும் ஒரேயடியாக இயக்கினேன். முதன்மைத் தளத்தில் சரியாக வந்தது. மற்ற இரண்டிலும் நாட்காட்டி காலி. திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஜொகூரிலிருந்தெல்லாம் போன் வந்துகொண்டே இருந்தது.

பிழைகள் பதிவாகும் டீபக் லாக்கைத் திறந்தால், ‘அட்டவணை இல்லை’ என்று வரிசையாக நிற்கிறது. தளத்தின் தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ் அட்டவணையைத்தான் சொல்கிறது. மல்டிசைட்டில் பயனர் பட்டியல் எல்லோருக்கும் பொது. ஆனால் பதிவுகளுக்கும் அமைப்புகளுக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் தனி அட்டவணை உண்டு. பெயரில் 2, 3 என்று எண் சேர்ந்திருக்கும். அந்தப் பிளகின் தன் அட்டவணையை இயக்கும் நேரத்தில் மட்டும்தான் உருவாக்கும். நெட்வொர்க் அளவில் இயக்கினால் அந்த வேலை முதன்மைத் தளத்தில் ஒரு தடவை நடப்பதோடு சரி.

நெட்வொர்க் அளவில் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தளத்துக்குள்ளும் போய்த் தனியாக இயக்கினேன். நாட்காட்டி உடனே வந்துவிட்டது. நான்கு ராத்திரி பிளகினையே சந்தேகப்பட்டு, அழித்து அழித்துப் போட்டதெல்லாம் வீண்.

பாகாவிலிருந்து:

அண்ணே, உங்களுக்குக் காலியாகத்தான் வந்தது. எனக்கு ஒரு தோட்டத்துக் கடிதம் இன்னொரு தோட்டத்துக்குப் போனது. தொடர்புப் படிவப் பிளகினில் ஒரு தளத்தின் மின்னஞ்சலை மாற்றினால் மற்ற தளங்களிலும் மாறிவிடும். ஒரு குடும்பத்தின் கருமாதி அறிவிப்பு வேறு ஆளிடம் போய் இரண்டு நாள் கிடந்தது. அந்தக் குடும்பத்திடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

காரணம் பெயர்க் குழப்பம்தான். 2010இல் வந்த 3.0 பதிப்பில்தான் பழைய வேர்ட்பிரஸ் எம்யூ (பல தளங்களுக்கான தனிப் பதிப்பு) முதன்மை மென்பொருளோடு சேர்ந்தது. எம்யூ காலத்தில் ‘பிளாக்’ என்றால் ஒரு தளம், ‘சைட்’ என்றால் மொத்த நெட்வொர்க். அமைப்பைப் படிக்கும் ‘கெட் சைட் ஆப்ஷன்’ என்ற கட்டளையில் அந்தப் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒற்றைத் தளத்தில் அது சாதாரண ‘கெட் ஆப்ஷன்’ போலவே நடந்துகொள்வதால், பிளகினை எழுதியவர் சோதித்தபோது பிழையே தெரிந்திருக்காது. மல்டிசைட்டில் அந்த அமைப்பு எல்லோருக்கும் பொதுவாகிவிடும். நான் அந்த இடங்களில் ‘கெட் ஆப்ஷன்’ என்று மாற்றினேன். சேமிக்கும் கட்டளையையும் அதற்கு இணையாக மாற்ற வேண்டும், மறந்துவிடாதீர்கள். எழுதியவருக்கும் தகவல் அனுப்பியிருக்கிறேன்.

பந்திங்கிலிருந்து:

தீமிதி வீடியோவுக்கு ஐஃப்ரேம் (வேறு தளத்தின் வீடியோவைப் பக்கத்துக்குள் காட்டும் எச்டிஎம்எல் துண்டு) ஒட்டினேன், சேமித்ததும் மறைந்துவிட்டது. அது பிளகின் கோளாறே இல்லை, தம்பிகளா. மல்டிசைட்டில் வடிகட்டாத எச்டிஎம்எல் போடும் உரிமை மொத்த நெட்வொர்க்கையும் நிர்வகிக்கும் சூப்பர் அட்மினுக்கு மட்டும்தான். தள அட்மினுக்குக்கூடக் கிடையாது. யூடியூப் முகவரியைத் தனி வரியில் ஒட்டினால் போதும், வீடியோ தானாக வந்துவிடும். பாட்டிமார் பேச்சைப் பதிந்த ஒலிக்கோப்பு ஏறாமல் நின்றதும் இப்படித்தான்: நெட்வொர்க் அமைப்பில் அதிகபட்சக் கோப்பு அளவு 1500 கிலோபைட் என்று இருந்தது. கூட்டிவிட்டேன்.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

நன்றி அக்கா. எங்களுக்கும் அதே 1500தான் இருக்கிறது, இப்போதே போய் மாற்றுகிறேன். அடுத்த மாதம் நான்காவது தோட்டம் சேர்கிறது. அந்தத் தளத்திலும் நாட்காட்டியை உள்ளே போய்த்தான் இயக்கப் போகிறேன்.