இரவில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் லயத்தில் எல்லோரையும் எப்படி எழுப்புவது?

பீலிக்கரை:

வணக்கம். இலங்கை மலையகத்தில், அப்புத்தளைக்குக் கீழே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. பழைய லயம், அதாவது தொழிலாளர் குடும்பங்கள் இருக்கிற வரிசை வீடுகள்; முதுகுப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் வெட்டின மண் திட்டு, அதற்கு மேலே தேயிலை மலை, அதற்கும் மேலே பைனஸ் காடு. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்த நாட்களில் முதலில் கரண்ட் போனது, அப்புறம் சிக்னலும் போனது. தோட்டத்தின் அடுத்த பிரிவான பக்கத்து டிவிஷனில் யார் எப்படி இருக்கிறார்கள் என்றே தெரியாமல் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். எங்கள் பக்கம் மண் வரவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் இனி ஒவ்வொரு மழைக்கும் அப்படி உட்கார முடியாது.

எச்சரிக்கை வராமல் இல்லை, வருகிறது. வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு பிடிஎஃப் போடுவார்கள். பெரும்பாலும் சிங்களத்தில் முதலில் வரும், தமிழ் பிந்தித்தான் வந்து சேரும், சில நாள் வந்து சேர்வதே இல்லை. தமிழில் வந்தாலும் அதில் இருப்பது பிரதேச செயலாளர் பிரிவின் பெயர். எங்கள் அம்மாவுக்குத் தோட்டத்தின் பெயர் தெரியும், டிவிஷன் தெரியும், லயத்து நம்பர் தெரியும். எந்தப் பிரதேச செயலகம் என்று கேட்டால் முழிக்கிறார். மஞ்சள் என்றால் என்ன, செம்மஞ்சள் என்றால் என்ன, சிவப்பு வந்தால் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டுமா என்று இங்கே ஒருவருக்கும் தெளிவாகத் தெரியாது. வயதானவர்களோ "எத்தனை மழையைப் பார்த்தாச்சு" என்று படுத்துவிடுகிறார்கள்.

இரவு ஒரு மணிக்கு, கரண்டும் போனும் இல்லாத நேரத்தில், இரண்டு மூன்று வரிசை லயத்தை எப்படி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவது? உங்கள் தோட்டங்களில் யாராவது உருப்படியாக ஏதும் செய்திருந்தால் சொல்லுங்கள்.

மழைமானி:

தங்கச்சி, முதலில் அந்த நிறங்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அடிப்படை. மண்சரிவு எச்சரிக்கை கொடுப்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். மஞ்சள் முதல் நிலை: விழிப்பாக இரு, சுற்றுவட்டாரத்தைக் கவனி. செம்மஞ்சள் இரண்டாம் நிலை: கிளம்பத் தயாராக இரு. சிவப்பு மூன்றாம் நிலை: வெளியேறு. சிவப்பு வந்த பிறகு பையைத் தேடிக்கொண்டும் ஆட்களைக் கூட்டிப் பேசிக்கொண்டும் இருக்கக் கூடாது, அதெல்லாம் செம்மஞ்சளில் முடிந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் படுக்கையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள் செம்மஞ்சளிலேயே, பகல் வெளிச்சத்திலேயே போய்விடுவது நல்லது. நடு இரவில் மழையில் வழுக்குப் படியில் ஒரு பாட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குவது லேசான வேலை இல்லை.

இன்னொன்று, அந்த அறிவிப்பு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும். குழுக்களில் நேற்றைய பிடிஎஃப்தான் இன்றைக்கும் சுற்றும், அதனால் திகதியைப் பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். பிரதேச செயலாளர் பிரிவின் பெயரையும் கிராம சேவகர் பிரிவின் பெயரையும் தமிழில் பெரிதாக எழுதி கோயில் சுவரிலும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்திலும் ஒட்டிவிடுங்கள். கிராம சேவகரிடம் ஒரு முறை கேட்டால் போதும், ஒரு மணி நேர வேலை.

போன் இல்லாத இரவுக்கு நீங்களே மழையை அளக்கலாம். பால்மா டின் மாதிரி வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கிற ஒரு டின்னை எடுங்கள். கூரைத் தண்ணீர் தெறிக்காத, மரம் மறைக்காத வெட்டவெளியில் மட்டமாக வையுங்கள், காற்றுக்குச் சாயாமல் சுற்றிக் கல்லை அண்டக் கொடுங்கள். பிள்ளைகளின் அடிமட்டத்தை நேராக உள்ளே விட்டுப் பாருங்கள், தண்ணீர் எத்தனை மில்லிமீற்றர் உயரமோ அவ்வளவுதான் மழை. அடிமட்டத்தின் ஓரத்தில் சைபருக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருக்குமே, அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார், 150 தாண்டினால் வெளியேறு. ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேறு. இது நான் போட்ட கணக்கு இல்லை, அந்த நிறுவனமே மக்களுக்குச் சொல்லும் அளவு. எங்கள் பாடசாலையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்தான் அளந்து கரும்பலகையில் எழுதுகிறார்கள், தாய் தகப்பன்மார் அதைப் பார்த்துவிட்டுத்தான் மலைக்குப் போகிறார்கள்.

சமவெளித்தம்பி:

நான் பண்டாரவளைப் பக்கம், இப்போது அமெரிக்காவில் ஒக்லஹோமாவில் இருக்கிறேன். இங்கே டொர்னாடோ. நம் ஊரில் மினி சூறாவளி என்று சொல்வோமே, ஏப்ரல் மாதத்தில் பத்து வீட்டுத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போகுமே, அதைப் போல பல மடங்கு. ஆபத்து வேறு என்றாலும் அக்கா கேட்ட பிரச்சினைகள் எல்லாம் இங்கேயும் இருந்தன, சிலதற்கு வழி கண்டிருக்கிறார்கள்.

இங்கேயும் எச்சரிக்கையைக் கவுண்டி பெயரைச் சொல்லித்தான் கொடுத்தார்கள். கவுண்டி என்றால் கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி. ஒரு மூலையில் புயல் இருந்தால் மறு மூலையில் இருப்பவனுக்கும் எச்சரிக்கை, அவனுக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த முறை அவன் கண்டுகொள்ள மாட்டான். 2007இலிருந்து புயல் போகும் பாதையை மட்டும் வரைபடத்தில் கட்டம் கட்டி, அந்த இடத்துக்கு மட்டும் எச்சரிக்கை கொடுக்கிறார்கள். 2012இலிருந்து அது போனுக்கும் நேராக வருகிறது. குறுஞ்செய்தி மாதிரி ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியாக அனுப்புவதில்லை, அந்தப் பகுதிக் கோபுரம் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் பரப்புகிறது. அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில் கோல் எடுத்து லைன் நெரிசல் ஆனாலும் அது தடைபடாது, நம்பரும் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கோபுரத்துக்கே கரண்ட் போனால் அதுவும் இல்லை. அதனால்தான் இங்கே பல வீடுகளில் பற்றரியில் ஓடும் வானிலை வானொலி வைத்திருக்கிறார்கள், எச்சரிக்கை வந்தால் அது தானாகவே கத்தி எழுப்பும்.

வயதானவர்கள் படுத்துவிடுகிறார்கள் என்றீர்களே, 2011 மே 22இல் மிசூரி மாநிலத்து ஜோப்லின் ஊரில் நடந்ததை நான் அடிக்கடி நினைப்பேன். சைரன் ஊதியது. ஆனால் 150 பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகு தேசிய வானிலைச் சேவை விசாரித்தபோது தெரிந்தது, பெரும்பாலானவர்கள் முதல் சைரனைக் கேட்டவுடன் ஒதுங்கவில்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள், டிவியைப் போட்டார்கள், தெரிந்தவர்களுக்குக் கோல் எடுத்தார்கள். சோம்பலால் இல்லை, மனிதர் எல்லோரும் அப்படித்தான், இரண்டாவது ஒருவர் சொன்னால்தான் நம்புவோம். அதனால் லயத்தில் அந்த இரண்டாவது ஆள் யார் என்று முன்கூட்டியே வைத்துவிடுங்கள். போனில் நோட்டீஸ் வரட்டும், கூடவே தெரிந்த முகம் ஒன்று வாசலில் வந்து கதவைத் தட்டட்டும்.

ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே டொர்னாடோவுக்கு வீட்டுக்குள்ளேயே நிலவறைக்கு ஓடு, ஜன்னல் இல்லாத அறைக்குப் போ என்பார்கள், கிடைக்கிற நேரம் பெரும்பாலும் கால் மணிக்கும் குறைவு. மண்சரிவுக்கு உள்ளே இருக்கவே கூடாது. ஆனால் நமக்கு மழை பெய்து பெய்து சேர்வதால் மணிக்கணக்கில் நேரம் கிடைக்கும். அந்த நேரத்தை வீணாக்குவதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

கான்வெட்டு:

மகள், நான் தோட்டத்தில் கான், அதாவது தண்ணீர் வடிகிற வாய்க்கால், வெட்டியே வேலையை முடித்தவன். தம்பி தூரத்துக் கதை சொன்னார், நல்ல கதை. நம்மிடம் இருப்பதை நான் சொல்கிறேன்.

முந்தியெல்லாம் விடியக்காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு, தப்பு மேளம் அடிப்பார்கள். அந்தச் சத்தம் கரண்டு இல்லாமல், சிக்னல் இல்லாமல் அடுத்த மலைக்குக் கேட்கும். இன்றைக்கும் எந்த டிவிஷனிலும் தப்படிக்கிற ஆள் ஒருவராவது இருப்பார். மண்சரிவுக்கு என்று ஒரு தனி அடி வையுங்கள், சாவுக்கும் திருவிழாவுக்கும் அடிக்கிற அடியாக இருக்கக் கூடாது. கோயில் மணியும் அப்படித்தான், பூசைக்கு அடிப்பது மாதிரி அடித்தால் ஒருவரும் எழும்ப மாட்டார்கள். மாதத்தில் ஒரு நாள் பகலில் அடித்துக் காட்டுங்கள், பிள்ளைகளுக்கும் பழகட்டும்.

அடையாளங்களைச் சொல்கிறேன், இதை அம்மாமார்தான் முதலில் பார்ப்பார்கள். பீலித் தண்ணீர், அதாவது மலை ஊற்றிலிருந்து குழாயில் வந்து விழுகிற தண்ணீர், திடீரென்று சேறாக வந்தால், அல்லது நல்ல மழையிலேயே பீலி நின்றுபோனால் விட்டுவிடாதீர்கள், உள்ளே தண்ணீர் வேறு வழி பிடித்துவிட்டது என்று அர்த்தம். காம்பராவுக்குள், அதாவது லயத்து வீட்டுக்குள், புதிதாக ஊற்று எடுப்பது, நேற்று வரை மூடின கதவு இன்றைக்கு இறுகிப்போவது, தரையும் சுவரும் சேர்கிற இடத்தில் வெடிப்பு, நேராக நின்ற மரமோ லைட் போஸ்ட்டோ சாய்வது. மேலே தேயிலைக்குள் பிறை மாதிரி வெடிப்பு ஓடியிருந்தால் அது மிகவும் கெட்டது. வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி அடித்து இடையில் அளந்து வையுங்கள், இடைவெளி கூடினால் மண் நகர்கிறது. ஆனால் மழை கொட்டும்போது அளக்கப் போகாதீர்கள்.

கான் விஷயம் என் நெஞ்சை அறுக்கிற விஷயம். முந்தி மலையில் கான் எல்லாம் சுத்தமாக இருக்கும், தண்ணீர் கானுக்குள் இறங்கி ஆற்றுக்குப் போகும். இப்போது ஆள் குறைவு, செலவு என்று பல இடங்களில் கானைத் துப்புரவு செய்வதே இல்லை. தண்ணீர் எங்கே போகும்? மண்ணுக்குள்தான் இறங்கும். மண் ஊறி ஊறிக் கனம் ஏறும், பிடிமானம் போகும், ஒரு இரவில் மொத்தமாக இறங்கும். லயத்துக்கு மேலே இருக்கிற கானையாவது மழைக்கு முன் நீங்களே சேர்ந்து வெட்டுங்கள், அப்படியே தோட்டத்தை நடத்துகிற துரையிடமும் எழுதிக் கொடுங்கள், எழுதின கடதாசிக்குப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2014 ஒக்டோபர் 29, காலை நேரம், பாடசாலைக்குப் போன பிள்ளைகள் தப்பித்தார்கள், வீட்டில் இருந்த தாய் தகப்பன் மண்ணுக்குள். அந்த இடம் ஆபத்து என்று 2005இலேயே சொல்லப்பட்டது, 2011இலும் சொல்லப்பட்டது. பிறகு பலர் "சொல்லியும் சனம் போகவில்லை" என்று பேசினார்கள். அந்தப் பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லயத்துக்காரனுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை, போ என்றால் எங்கே போவான்? போகிற இடத்தையும் சேர்த்துச் சொல்கிற எச்சரிக்கைதான் எச்சரிக்கை. ஒரு இரவுக்கு எங்கே, ஒரு மாதத்துக்கு எங்கே, நிரந்தரமாக எங்கே என்று மூன்றையும் கேளுங்கள், பிரதேச செயலகத்தில் கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.

பீலிக்கரை:

ஐயா, மிச்சம் நன்றி. தப்பு மேளம் எங்கள் டிவிஷனில் இருக்கிறது, அடிக்கிற பெரியப்பாவும் இருக்கிறார், இன்றைக்கே பேசுகிறேன். ஐந்து காம்பராவுக்கு ஒரு ஆள் என்று பிரித்துவிடலாம் என்று நினைக்கிறேன், யார் வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்பதும் அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு சந்தேகம். எங்களைப் போகச் சொல்வது தோட்டப் பாடசாலைக்கு, ஆனால் அந்தப் பாடசாலைக்குப் பின்னாலேயும் வெட்டின திட்டுத்தான், போகிற வழியில் ஓடை ஒன்றும் இருக்கிறது. அப்புறம், மழை விட்டவுடன் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பப் பார்க்கிறார்கள், கோழி, மாடு, பூட்டாத வீடு என்று. அது சரியா?

மழைமானி:

திட்டுக்குக் கீழே இருக்கிற பாடசாலை பாதுகாப்பு இடம் இல்லை தங்கச்சி, யார் சொன்னாலும். வெயில் நாளிலேயே பிரதேச செயலகத்துக்கு எழுதி, அந்த இடத்தைப் பார்த்துச் சொல்லும்படி தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தைக் கேளுங்கள். கடிதத்தில் லயத்து நம்பர், குடும்பங்களின் எண்ணிக்கை, வெடிப்பு இருந்தால் அதன் போட்டோ எல்லாம் போடுங்கள். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. பதில் வரும் வரைக்கும் கோயில் மண்டபமோ ஸ்டோரோ, எது திட்டுக்கும் ஓடைக்கும் தள்ளி இருக்கிறதோ அதைப் பேசி வையுங்கள், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் கேட்டு வையுங்கள். போகும் வழியில் ஓடையைக் கடக்கவே வேண்டாம். மண்சரிவு ஓடை வழியாகத்தான் வேகமாக இறங்கும், ஓடைத் தண்ணீர் திடீரென்று குறைந்தால் மேலே எங்கேயோ அடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு உடனே விலகிவிட வேண்டும்.

மழை விட்டதும் திரும்புவது கூடாது. மேலே விட்டாலும் மண்ணுக்குள் இறங்கின தண்ணீர் வடிய நேரம் எடுக்கும், வெயில் அடிக்கிறபோதும் மலை இறங்கியிருக்கிறது. எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள் என்று கிராம சேவகர் மூலம் தெரிந்த பிறகு, பகலில், முதலில் இரண்டு மூன்று பேர் மட்டும் போய்ச் சுற்றிப் பார்க்கட்டும், திட்டில் புது வெடிப்போ ஊற்றோ இருந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது. மாட்டைச் செம்மஞ்சளிலேயே அவிழ்த்துவிடுங்கள். வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று ஒருவரையும் லயத்தில் விட்டுவிட்டு வராதீர்கள், நகை, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பையில் கட்டிக் கதவு மூலையில் தொங்கவிட்டால் அந்தப் பயம் பாதி குறையும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் நம்பர் 117, அதைக் கரித்துண்டால் சுவரில் எழுதினாலும் சரி, போன் இல்லாதவர் கண்ணிலும் படுகிற இடத்தில் எழுதிவிடுங்கள். கடிதத்துக்கு மாதிரி வேண்டும் என்றால் சொல்லுங்கள், நாங்கள் அனுப்பினதை இங்கே போடுகிறேன்.